மலைச் சாலையில் பழைய காரும் புதிய காரும்

தமிழ்நாட்டிலிருந்து கேரளத்திற்குள் நுழையும் மோட்டார் சாலைகளுள் இரண்டு வகை உண்டு. வாளையாறு வழியாகப் பாலக்காட்டிற்குச் செல்லும் சாலை முதல் வகையைச் சேர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை இவ்விடத்தில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்திற்கு இடைவெளி விட்டு நிற்பதால், அதிக உயரம் ஏறாமலேயே வண்டிகள் மலையைக் கடந்து விடுகின்றன. தெற்கே இடுக்கி மாவட்டத்து எல்லையில் நிலைமை வேறு. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு செல்லும் வண்டி 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். அதன் பின்னரே பூப்பாறையும் மூணாறும். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு செல்லும் வழியும், கூடலூரிலிருந்து குமுளி செல்லும் வழியும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

பழைய கார் ஒன்றையும் இக்காலத்துக் கார் ஒன்றையும் ஒப்பிட விரும்புவோர் முதலில் இச்சாலைகளை மனத்திற் கொள்ளுதல் நலம். பாலக்காட்டுச் சமவெளியில், மிதமான வேகத்தில், இரு வண்டிகளும் தத்தம் வேலையைச் செய்து முடிக்கும். ஒன்று சற்று ஓசையுடனும் மற்றொன்று சற்று சொகுசாகவும் செல்லும் என்பதற்கு மேல் பேதம் அதிகம் தோன்றாது. போடிமெட்டுச் சாலையிலோ இரண்டின் குணமும் குறையும் வெளிப்பட்டு விடும். புதிய காரின் குறை பெரும்பாலும் ஏறும்போது அன்று, இறங்கும்போதுதான் வெளிப்படுகிறது என்பது பலரும் எண்ணிப் பாராத செய்தியாகும்.

பழைய கார் என்பது எது?

பிரிட்டனில் 'விண்டேஜ்' என்னும் பெயர் 1919 முதல் 1930 வரை செய்யப்பட்ட கார்களுக்கே உரியதாகக் கருதப்படுகிறது. இந்தியாவில் 2021ஆம் ஆண்டு ஜூலையில் வெளியிடப்பட்ட மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, முதற் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்ததும், மூல அமைப்பு கெடாமல் காப்பாற்றப்பட்டதுமான இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் இப்பெயருக்கு உரியவை. அவ்வண்டிகளுக்குத் தனி எண் வரிசை உண்டு. பதிவு 10 ஆண்டு செல்லும். வாடகைக்கோ அன்றாட உபயோகத்திற்கோ அவற்றை ஓட்டலாகாது. இக்கணக்கில், 1960களில் வெளிவந்த அம்பாசிடர் கார் இன்று பழங்கார் வரிசையில் தாராளமாக இடம் பெறும்.

ஒப்பீட்டிற்கு அம்பாசிடரையே எடுத்துக் கொள்வது பொருத்தம். அரசு அலுவலகங்களிலும் வாடகைக் கார் நிலையங்களிலும் பல்லாண்டு பணியாற்றிய வண்டி அது. பிரிட்டனில் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை என வழங்கிய காரின் இந்திய வடிவமான அம்பாசிடர், 1950களின் பிற்பகுதியிலிருந்து வங்காளத்தின் உத்தரபாராவில் உற்பத்தியாகி, 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் நின்று போயிற்று. 1960களின் வண்டியில் 1,489 கன செண்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. அதன் திறன் 50 குதிரைத்திறனைச் சற்றே கடந்தது. கியர்கள் நான்கு, கியர்த் தண்டு ஸ்டியரிங் தூணிலேயே அமைந்திருந்தது. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கு. அம்பாசிடர் கனத்த அடிச்சட்டத்தின்மேல் கட்டப்பட்ட வண்டி என்று பலர் நம்புகின்றனர். உண்மையில் அதன் உடலே பெரும்பாலும் சட்டமாகவும் பயன்பட்டது. எடை ஏறத்தாழ 1,100 கிலோகிராம். இது இக்காலத்துச் சிறு கார்கள் பலவற்றின் எடைக்கு வெகுதூரத்தில் இல்லை.

ஏற்றம்

மலையேறுங்கால் பழைய காரை மூன்று இடையூறுகள் தொடர்கின்றன. முதலாவது, காற்றின் அடர்த்தி குறைதல். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 14 விழுக்காடு குறைகிறது. எஞ்சினுக்குள் செல்லும் காற்று குறைந்தால் திறனும் குறையும். இவ்விதி புதிய காருக்கும் பொதுவானதே. ஆனால் கார்புரேட்டர் என்பது காற்றின் எடையை அறியாத கருவி. காற்று குறைந்த அளவிற்கு அது பெட்ரோலைக் குறைப்பதில்லை. ஆகவே கலவை செறிவடைகிறது, புகை கறுக்கிறது, ஸ்பார்க் பிளக்குகளில் கரி படிகிறது. புதிய காரில் புகைக் குழாயிலுள்ள ஆக்ஸிஜன் உணர்கருவி, கலவை சரியாக உள்ளதா என்பதை இடைவிடாது எஞ்சினின் கணிப்பொறிக்கு அறிவித்துக் கொண்டிருக்கும். அதற்கேற்பப் பெட்ரோல் அளந்து தெளிக்கப்படும். ஓட்டுநர் இதை உணர்வதே இல்லை.

இரண்டாவது, நீர் கொதித்தல். போடிமெட்டின் உயரத்தில் திறந்த கலத்திலுள்ள நீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். புதிய காரின் குளிர்விக்கும் அமைப்பு வாயு மண்டல அழுத்தத்திற்கு மேல் ஏறத்தாழ மற்றொரு மடங்கு அழுத்தத்தில் மூடப்பட்டிருப்பதால், அதனுள் நீர் 120 டிகிரி வரை கொதியாமல் நிற்கும். சமையலறையிலுள்ள பிரஷர் குக்கரின் தத்துவமே இது. வகுப்பில் விளக்குவதற்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை. பழைய காரின் மூடி அத்துணை அழுத்தம் தாங்காது. மேலும், அதன் விசிறி எஞ்சினுடன் பட்டையால் பிணைக்கப்பட்டது. வளைவில் வண்டி ஊர்ந்து செல்லும்போது, காற்று மிகவும் தேவைப்படும் அந்நேரத்தில், விசிறியும் மெதுவாகவே சுழலும். புதிய காரின் மின்விசிறி உஷ்ணத்தைப் பார்த்துச் சுழல்வது. எஞ்சினின் வேகத்தைப் பார்ப்பதில்லை.

மூன்றாவது, பெட்ரோல் ஆவியடைப்பு. எஞ்சினருகே அமைந்த பம்பு சூடேறினால், குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி ஓட்டம் தடைப்படும். பழைய ஓட்டுநர்கள் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றி வைப்பது இதனால்தான். அவ்வழக்கம் மூட வழக்கமன்று. நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. புதிய காரில் பம்பு பெட்ரோல் தொட்டிக்குள்ளேயே மூழ்கியிருந்து, அழுத்தத்துடன் முன்னோக்கித் தள்ளுவதால் இத்தொல்லை அநேகமாக ஒழிந்தது.

ஆக, ஏற்றத்தில் வெற்றி புதிய காருக்கே. 1,200 கன செண்டிமீட்டர் எஞ்சினும் 80 குதிரைத்திறனும் உள்ள சிறு கார், அம்பாசிடர் இரண்டாம் கியரில் முனகி ஏறிய சரிவை மூன்றாம் கியரில் எளிதாக ஏறி முடிக்கிறது. வழியில் நின்று மூடியைத் திறந்து ஆறவிட வேண்டுவதில்லை. அம்பாசிடரின் ஓட்டுநர் மெட்டை அடையும்போது தாம் எவ்வளவு உயரம் ஏறியுள்ளோம் என்பதைக் காதாலும் காலாலும் மூக்காலும் அறிந்திருப்பார். புதிய காரை ஓட்டியவர் அங்ஙனம் அறிவதற்கு வழியில்லை.

இறக்கம்

பயணிகள் உட்பட 1,500 கிலோகிராம் எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரத்தில் நிற்கிறது எனக் கொள்வோம். அதன் நிலைச்சக்தி 1,500 × 9.8 × 1,000, அதாவது 1 கோடியே 47 லட்சம் ஜூல். இந்தச் சக்தியைக் கொண்டு 20 டிகிரியிலுள்ள சுமார் 44 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். சமவெளியில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அதே காரை ஒருமுறை பிரேக்கிட்டு நிறுத்துவதற்கு ஏறத்தாழ 3 லட்சத்து 70 ஆயிரம் ஜூல் மட்டுமே வெப்பமாக மாற வேண்டும். எனவே மெட்டிலிருந்து போடிக்கு இறங்குவது, 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 40 முறை அடுத்தடுத்து நிறுத்துவதற்குச் சமம். டயர்களின் உருளலும் காற்றின் தடையும் ஒரு பங்கை ஏற்கும் என்பது மெய்யே; வளைவுகளில் வண்டி மெல்லச் செல்வதால் காற்று ஏற்கும் பங்கு சொற்பம்.

எஞ்சியது முழுதும் பிரேக்கிற்கே போகுமாயின் என்ன நேரும் என்பதை மாணவர்களைக் கொண்டே கணக்கிடச் செய்யலாம். நான்கு சக்கரத்துப் பிரேக்குகளிலும் சேர்த்து 40 கிலோகிராம் இரும்பு இருப்பதாகவும், வெப்பம் வெளியே போகவில்லை எனவும் கொள்க. இரும்பின் வெப்ப எண் கிலோகிராமுக்கு 460 ஜூல். மேற்கண்ட சக்தி முழுதும் அதில் இறங்கினால் உஷ்ணம் 800 டிகிரி உயரும். இரும்பு செந்நிறமாக ஒளிரும் நிலை அது. உண்மையில் காற்று இடைவிடாது குளிர்விப்பதால் அந்நிலை வருவதில்லை. ஆயினும், அபாயம் எப்பக்கத்திலிருந்து வருகிறது என்பதை இக்கணக்கு காட்டிவிடுகிறது.

டிரம் பிரேக்கில் வளைந்த கட்டைகள் இரண்டு, சுழலும் உருளையின் உட்புறத்தில் அழுந்துகின்றன. சூடேறினால் உருளை விரிந்து கட்டைகளை விட்டு விலகுகிறது. லைனிங்கின் உராய்வும் குறைகிறது. மிதியை எத்துணை அழுத்தினாலும் வண்டி கேளாது. மழைக்காலத்தில் ஓடைநீர் உள்ளே புகுந்தால், அது வற்றும் வரை பிரேக்கு பிடிக்காது. தட்டு பிரேக்கில் தட்டு வெளியே காற்றில் சுழல்கிறது. சூடேறி விரிந்தாலும் பிடிக்கும் பட்டைகளை நோக்கியே விரிகிறது. நீரும் விரைவில் சிதறிப் போகிறது. மேலும் 1960களின் அம்பாசிடரில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவக் குழாய்த் தொகுதி. ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போயின. புதிய கார்களில் தொகுதி இரண்டாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஒன்று பழுதுபட்டாலும் மற்றொன்று இரு சக்கரங்களையேனும் பிடிக்கும்.

இவை யாவும் புதிய காருக்குச் சாதகமானவை. பாதகமானது ஒன்று உண்டு. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைநாட்டு ஓட்டுநர்களிடை வழிவழியாக வந்த விதி. பெட்ரோலை மிதியாதபோது எஞ்சின் தானே ஒரு தடையாகி, சக்கரங்களை இழுத்துப் பிடிக்கிறது. அம்பாசிடர் காலத்தில் இவ்விதி மிகப் பொருத்தமாக இருந்தது. இரண்டாம் கியரில் ஏறிய வண்டி இரண்டாம் கியரில் இறங்கும்போது, எஞ்சினே பெரும்பாரத்தை ஏற்றுக் கொண்டது. எஞ்சின் இழுத்துப் பிடிக்கும் விசை, அதன் குதிரைத்திறனைப் பொறுத்ததன்று. பெரும்பாலும் சிலிண்டர்களின் கொள்ளளவையும் கியரின் விகிதத்தையும் பொறுத்தது. புதிய காரில் திறன் கூடியிருக்கிறது; கொள்ளளவோ குறைந்திருக்கிறது. ஆகவே அது மூன்றாம் கியரில் ஏறிற்று என்பதற்காக மூன்றாம் கியரிலேயே இறங்கினால், பழைய காருக்குக் கிடைத்த தடை அதற்குக் கிடையாது. மிச்சத்தைப் பிரேக்கு சுமக்க நேரிடும். புதிய காருக்கு விதியைத் திருத்திச் சொல்ல வேண்டும்: ஏறிய கியருக்கு ஒன்று கீழே இறங்குக. தானியங்கிக் கியருள்ள கார்களிலும் கீழ்க் கியரைத் தேர்ந்தெடுக்கும் இடம் உண்டு. அதை உபயோகியாதவர் தொகை பெரிது.

பெட்ரோல் மிச்சமாகும் என்று கியரை நடுநிலையில் தள்ளி இறங்கும் பழக்கம் இன்னும் காணப்படுகிறது. கார்புரேட்டர் காலத்தில் அதனால் சிறிது மிச்சமிருந்திருக்கலாம். இப்போது அதுவும் இல்லை. பெட்ரோலைத் தெளிக்கும் எஞ்சின், கியரில் இருந்தபடி மிதியை விட்டு இறங்கும்போது பெட்ரோலை அறவே நிறுத்திவிடுகிறது. நடுநிலையில் ஓடினாலோ எஞ்சின் அணையாதிருக்கப் பெட்ரோலைச் செலவிட்டாக வேண்டும். எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குவது அதனினும் கொடிது. புதிய காரின் பிரேக்கு மிதிக்கு எஞ்சினின் வெற்றிடம் துணை செய்கிறது. எஞ்சின் நின்றபின் அத்துணை சில அழுத்தங்களுக்கே எஞ்சும். பிறகு மிதி கல்லாகிவிடும்.

பழைய பழக்கம் கேடு செய்யும் மற்றோரிடமும் உண்டு. சக்கரம் பூட்டிக் கொண்டு வழுக்காதிருக்க, பழைய ஓட்டுநர்கள் பிரேக்கை விட்டு விட்டு அழுத்துவர். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய கார்களில், சக்கரம் பூட்டாதபடி தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு கட்டாயமாயிற்று. அது அவ்வேலையை நொடிக்குப் பலமுறை தானே செய்கிறது. மிதி காலின்கீழ் அதிர்வதைக் கண்டு அஞ்சிக் காலை எடுத்துவிடுவோர் பலர். எடுக்கலாகாது, முழுதும் அழுத்தி, வண்டியைத் திருப்ப வேண்டிய பக்கம் திருப்ப வேண்டும். உதிரிச் சரளையின்மேல் இவ்வமைப்பு நிற்கும் தூரத்தைச் சற்றுக் கூட்டவும் கூடும். ஆதலால் ஏலத் தோட்டங்களுக்குள் செல்லும் மண் பாதைகளில் அதை நம்பி வேகம் கொள்வது தகாது.

ஏலத் தோட்டங்களைக் கூறும்போது ஜீப்பை விட்டுவிட இயலாது. தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து விடியலில் தொழிலாளர்களை ஏற்றிக் கொண்டு எல்லை கடந்து செல்லும் ஜீப்புகள் இப்பகுதியின் அன்றாடக் காட்சி. மகேந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் 1949 முதல் பொருத்தி வெளியிட்டது. அதன் மூல அமைப்பில் துணைக் கியர்ப் பெட்டி ஒன்றிருந்து, எல்லாக் கியர்களையும் மேலும் இரண்டரை மடங்கு தாழ்த்தியது. முதற் கியரில் எஞ்சின் 35 சுற்றுக்கு மேல் சுழன்றால்தான் சக்கரம் ஒருமுறை சுழலும். நடை வேகத்தில், பிரேக்கைத் தொடாமலே, செங்குத்தான பாதையில் அது இறங்கும். இதனை விஞ்சும் எளிய சாதனம் இன்றுவரை இல்லை என்றே கூறலாம். ஆனால் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றினால் இச்சிறப்பும் வீணே. எடை இருமடங்கானால் மேற்கண்ட கணக்கிலுள்ள ஜூல்களும் இருமடங்காகும். டிரம்கள் அதே டிரம்கள்தாம்.

மோதல்

பழைய காரின் தகடு தடித்தது, ஆகவே விபத்தில் அது காக்கும் என்பது பரவலான நம்பிக்கை. இதனைச் சோதிக்க அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிலையம் 2009ஆம் ஆண்டில், 1959ஆம் ஆண்டின் செவர்லே பெல் ஏர் காரையும் 2009ஆம் ஆண்டின் செவர்லே மாலிபு காரையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே மோதவிட்டது. பழைய காரின் பயணியறை நசுங்கியது. மனிதன் இருந்திருந்தால் பிழைத்திருப்பது அரிது. புதிய காரின் ஓட்டுநருக்கோ காலில் மட்டும் சிறு காயம் ஏற்பட்டிருக்கும் என்று பொம்மையின் அளவைகள் காட்டின. பழைய காரின் முன்பகுதி நசுங்கி அதிர்ச்சியை உண்ணவில்லை. அதிர்ச்சி உள்ளே வந்தது. வளையாத ஸ்டியரிங் தூண் மார்பை நோக்கி வந்தது. இதற்கு மாற்றான நசுங்கும் முன்பகுதியுடன் மெர்சிடிஸ் கார் வெளிவந்ததும், வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் அமைத்த மும்முனை இருக்கைப் பட்டை கார்களில் இடம் பெற்றதும் அதே 1959ஆம் ஆண்டில்தான் என்பது சுவையான செய்தி.

புதிதாக இருப்பது மட்டும் பாதுகாப்பிற்கு உறுதியன்று. 2014ஆம் ஆண்டு ஜனவரியில் இந்தியாவில் விற்கப்பட்ட 5 சிறு கார்களின் காற்றுப் பையில்லா வகைகளைக் குளோபல் என்.சி.ஏ.பி. அமைப்பு சோதித்தபோது, வயது வந்தோர் பாதுகாப்பில் ஐந்தும் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. பின்னர் மோதல் சோதனையும் காற்றுப் பைகளும் சட்டமாயின. இந்தியாவுக்கென நட்சத்திர மதிப்பீட்டு முறை 2023ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கியது. 2010ஆம் ஆண்டுக் கார் ஒன்றைப் 'புதிய கார்' என்று சொல்லி வாங்குவோர் இவ்வாண்டுகளை நினைவிற் கொள்வது நலம்.

பராமரிப்பு

சாலையோரத்தில் பழுது பார்க்கத்தக்கது பழைய கார். திருப்புளியும் உப்புக் காகிதமும் கொண்டு டிஸ்ட்ரிபியூட்டர் முனைகளைத் தேய்த்து ஓட்டிவிடலாம். பேட்டரி ஓய்ந்தால் கைத்தண்டால் சுழற்றலாம். புதிய கார் அரிதாகவே நிற்கும். நின்றாலோ பழுதைப் படிக்கும் கருவி வந்தாக வேண்டும். மலைநாட்டில் இது சிறு பேதம் அன்று. புகையில் கணக்கு தலைகீழ். இந்தியாவில் 1991இல் வந்த முதல் விதி, பெட்ரோல் கார் கிலோமீட்டருக்கு 14 முதல் 27 கிராம் வரை கார்பன் மோனாக்சைடு வெளிவிட இடந்தந்தது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள பி.எஸ். 6 விதியில் அது 1 கிராம். 1960களின் காருக்கு விதியே இல்லை.

பழைய வண்டியைக் காப்பாற்றி வைத்திருப்போர் கவனிக்க வேண்டியவை சில. 2025இல் நாடெங்கும் பரவிய 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர்க் குழாய்களை ஊதிப் பெருக்கச் செய்யும். அவற்றை எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றுதல் வேண்டும். பழைய பிரேக்கு லைனிங்குகளில் கல்நார் இருக்கக் கூடும். டிரம்மைத் திறந்து தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதுதல் நுரையீரலுக்குப் பெருங்கேடு. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்துக.

பழையதற்கும் புதியதற்கும் பொதுவான ஒன்று பிரேக்குத் திரவம். அது காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. 'டாட் 3' எனக் குறிக்கப்படும் திரவம் புதிதாக இருக்கையில் 205 டிகிரி வரை கொதியாது. 4 விழுக்காட்டிற்கும் குறைவான ஈரம் சேர்ந்தாலே அவ்வெல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் திரவம் கொதித்தால் குழாயில் ஆவி நிறைந்து மிதி தரை வரை இறங்கும். பருவமழை நீண்டு பெய்யும் இடுக்கிப் பகுதியில் இரண்டு ஆண்டுக்கொருமுறை, கசிவு இல்லாவிடினும், திரவத்தை முழுதும் மாற்ற வேண்டும். இறக்கத்தில் கருகிய நாற்றம் எழுந்தால், கீழ்க் கியரில் வேகத்தைத் தணித்து, அகன்ற இடத்தில் நிறுத்தி, சக்கரத்திற்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆறவிடுக. சூடான டிரம்மின் மீதோ தட்டின் மீதோ நீரை ஊற்றலாகாது. இரும்பு விரிசல் காணும்.